விற்பனைக்கு

பாலாடைக்கட்டி நிறுக்கிறவள் நான்.
இருபத்திரண்டு வருடமாக
போவெத்ஸ் கடைத்தெருவில்
ஆட்டுப்பால் கட்டியைக் கீறி வைத்து
முள் நிற்கும்வரை மூச்சுப் பிடிக்கிறேன்.
ஒரு கிராம் ஏமாற்றியதில்லை.
இந்த வண்டி விஷயத்தில் மட்டும்
முள் நிற்கவே மாட்டேன் என்கிறது.

சமையலறையைப் புதுப்பிக்க வைத்திருந்த பணம்
என் நாற்பத்தாறாம் வயதில்
அறுநூற்றைம்பது சிசியாக வந்து நின்றது,
நெருப்புக்கோழி மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு.
கோராஸ்த் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் பார்த்தேன்:
பின்சக்கர மூடியில்
ஒளிரும் நாடா மூன்று வரி,
அளவெடுத்து ஒட்டியிருந்தது.

இன்பக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.
காரில் போனால் மலை ஒரு கண்ணாடிப் படம்.
வண்டியில் போனால்
மலை மூக்கு வழியாக உள்ளே வரும்.
திரெந்தாவில் அறுத்துப் போட்ட புல்,
மர ஆலையின் பிசின்,
யார் வீட்டிலோ வெங்காயம் வதங்குவது,
பிறகு சட்டென்று ஒரு குளிர்:
சோச்சா ஆறு பக்கத்தில் வந்துவிட்டது என்று
கண்ணுக்கு முன்னால் முழங்காலுக்குத் தெரியும்.
வளைவில் சாயும்போது
கடன் இல்லை, கடை இல்லை,
விலக்கு நின்றுபோன உடம்பு இல்லை;
தார், அதன்மேல் நான் இழுக்கிற கோடு, அவ்வளவுதான்.
தலைக்கவசத்துக்குள் கட்டைக் குரலில் பாடுவேன்.
புகார் சொல்ல வந்த பூச்சிகள்
கண்ணாடியிலேயே செத்தன.

அடுத்த தட்டு.
வெர்ஷிச் கணவாயில் கொண்டை ஊசி வளைவு ஐம்பது.
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு
(விழுந்தவர்களுக்கும் முகவரி வேண்டுமே).
என்னுடையது பத்தொன்பது.
வடக்குச் சரிவு, கல் பாவிய பாதை,
செப்டம்பர் தூறல்,
நடுவில் ஆட்டுப் புழுக்கை.
ஆமாம், நான் விற்கிற கட்டிக்குத் தாய்மார்கள்தான்.
காறை எலும்பில் ஆறு திருகாணி.
வானொலி சொல்வதற்கு ஒரு நாள் முன்னாடியே
மழையை அவை சொல்லிவிடுகின்றன.

குளிர்காலம் முழுக்க வண்டி
பழைய மேசைவிரிப்புக்குள் கிடந்தது.
மே மாதம் அறிவிப்பு ஒட்டினேன்.

உதினேயிலிருந்து எர்மெஸ் வந்தான்.
சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குந்தி உட்கார்ந்து பார்த்தான்.
"விழுந்திருக்கிறதா?"
"நான் விழுந்தேன். இது கூட வந்தது."
ஓட்டிப் பார்க்கணும் என்றான்.
"பாலம் வரை. பத்து நிமிடம்."

பத்து போயிற்று.
பதினைந்து.
அவன் விட்டுப்போன அடையாள அட்டை மேசைமேல்;
படத்தில் மீசை வைத்திருந்தான்.
மீட்பு ஹெலிகாப்டர் பள்ளத்தாக்கைத் தாண்டியது.
தினமும் தாண்டுவதுதான்.
இருபத்தைந்தில் படலுக்குப் போய் நின்றேன்.
கை சும்மா இருக்கமாட்டாமல்
ஜெரேனியத் தொட்டியின் காய்ந்த இலையைக் கிள்ளினேன்.
மண்ணில் குத்தியிருந்தன
சிகரெட் துண்டுகள்.
கோராஸ்த் புகைப்பதை விட்டு
ஒன்பது வருடமாயிற்று.
எண்ண ஆரம்பித்தேன்.
முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.

நான்கு கோடை.
நான் ஒரு தட்டை மட்டும் பார்த்து
விலை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாற்பதாவது நிமிடம் வந்தான் எர்மெஸ்,
பல்லில் பூச்சி, கண்ணில் காற்று பிழிந்த நீர்.
"இன்னும் ஒரு வளைவு, ஒரே ஒரு வளைவு என்று…"
அந்த வாக்கியத்தின் மீதி எனக்குத் தெரியும்.
அறையலாம் போலவும் இருந்தது,
தோளைத் தட்டலாம் போலவும்.

"சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்."
"அது நேற்றைய விலை.
இன்றைக்கு ஐந்நூறு யூரோ கூட."
மாடிச் சன்னல்
மெல்லச் சாத்திக்கொண்டது.

"சரி" என்றான்,
மூச்சுகூட விடாமல்.
அதை நான் எதிர்பார்க்கவில்லை.
சாவி அவன் கையில் இருந்தது, இன்னும் சூடாக.
நான் கையை நீட்டினேன்,
பணத்துக்கா சாவிக்கா என்று தெரியாமல்.