பிழை திருத்தம்

கனகசூரியத்தார் எழுதிய ஏழு நூல்களுக்கும்
முதல் வாசகி நான்.
விருப்பத்தினால் அல்ல, சம்பளத்துக்கு.
என்.சி. வீதியில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அச்சகம்.
காற்றாடிக்குத் தாள் பறக்காதிருக்க
ஒரு சங்கு வைத்திருப்பேன்.

முதல் ஐந்தும் இலக்கியக் கட்டுரைகள்.
"எனினும்" என்ற சொல்லை அவர்
உப்பைப் போலப் பாவித்தார்.
ஒரே பக்கத்தில் பதினொன்று.
பென்சிலால் வட்டமிட்டு அனுப்பினேன்.
பன்னிரண்டாவது திரும்பி வந்தது:
"சரிதான். எனினும் இருக்கட்டும்."

அவர் பாராட்டிய கதைகளில்
ஒருவருக்கும் பசிக்காது.
பசித்தால் அதற்குக் குறியீடு என்று பெயர்.

நான்காம் நூலில்,
கிண்ணியாப் பெண்ணொருத்தியின் சிறுகதையைப் பற்றி
"மட்டி கழுவும் காட்சி மூன்று பக்கம் நீள்கிறது.
வெட்டியிருக்கலாம்" என்று எழுதியிருந்தார்.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
இலக்கணப் பிழை ஒன்றுமில்லை.
மூன்று தண்ணீர் கழுவாத மட்டியைத் தின்றவர்
மறுநாள் கட்டுரை எழுதமாட்டார், அவ்வளவுதான்.

எழுத்துக் கோர்க்கும் பெடியன்
அதையும் சேர்த்துக் கோர்த்துவிட்டான்.
"வெட்டியிருக்கலாம்?"
முந்நூறு பிரதியிலும் அப்படியே.

ஐந்தாம் நூல் வந்தது, பேச்சில்லை.
பிறகு இரண்டு வருஷம் ஆளே இல்லை.
ஒரு நாள் படியேறி வந்தார்,
காற்சட்டை முழங்கால்வரை மடிப்பு,
காலெல்லாம் களப்புச் சேறு, கையில் கொப்பி.
"மட்டிக்களியில் இருபத்தாறு வருஷமாய்க் குடியிருக்கிறன்,
எத்தனை கடிதத்தில் அந்த விலாசம் எழுதியிருப்பன்.
அதுக்குள்ள மட்டி இருக்கிறதை
நேற்றுத்தான் கண்டன்."

ஆறாவது நூலின் கையெழுத்துப் படி மணத்தது.
உண்மையாகவே மணத்தது.
பாலையூற்று றெஜினா மிஸ்ஸியின்
நத்தார்க் கேக் பக்கத்தில் நெய்க்கறை.
தம்பலகாமத்துத் தயிருக்குக் கீழே
சட்டி வனைந்தவர் பெயரும் எருமையின் பெயரும்.
சூடைக்குப் புளி ஏன் குறைவென்று
மூதூர் வள்ளத்தில் செய்னம்பு ராத்தா சொன்னது மட்டும்
மேலும் கீழுமாய் ஏறி இறங்கியது,
அன்றைக்குக் கடல் எப்படி என்று
எழுத்திலேயே தெரிந்தது.

"எனினும்" ஒன்றுகூட இல்லை.
"ஒரு பிடி." "கொஞ்சம்." "அவ கையளவு."
எவ கை, என்று ஓரத்தில் கேட்டேன்.
பெயர் வந்தது, வயதோடு,
பென்சிலால் சுற்றி வரைந்த கையோடு.

நல்ல விமர்சகர் ஒருவர்
குசினிக்குள் போய்த் தொலைந்தார் என்று
கொழும்பில் யாரோ எழுதினார்களாம்.
அதைப் பின்னட்டையில் போடச் சொன்னார்.

ஏழாவதில்தான் சண்டை.
முகாமில் சமைத்ததற்கு ஓர் அதிகாரம்.
நிவாரண மா, தண்ணீர், உப்பு.
உப்பில்லாத நாளில் கடல்.
மற்றக் குறிப்புகளில் நான்கு பேருக்கு, ஆறு பேருக்கு.
இங்கே "எத்தனை பேருக்கு" என்ற இடம்
வெறுமனே கிடந்தது.
நிரப்புங்கோ என்றேன்.
தெரியாது என்றார்.
இடம்விட்டால் பிழை மாதிரி இருக்கும் என்றேன்.
இருக்கட்டும் என்றார்.

எனக்குத் தெரியும்.
அந்த அடுப்புக்கு விறகு பொறுக்கியபோது
எனக்குப் பதினொரு வயது.
ஏழு நூலிலும் என் சொல் ஒன்றும் இல்லை,
அந்தக் கேள்விக்குறியைத் தவிர.

நான் வாய் திறந்தபோது
புத்தகம் கட்டுக்குப் போய்விட்டது.
ஆகவே விரல் நீளத்தில் ஒரு துண்டு,
ஒட்டாமல் செருகினோம்:
"பக்கம் 88. எத்தனை பேருக்கு: 38.
மழை நாளில் பக்கத்துக் கொட்டிலும் வரும், 41.
சொன்னவர் தவமலர், பிழை திருத்துநர்."

வெளியீட்டு விழாவில்
பிரதிகளை விரித்த இடமெல்லாம் துண்டு விழுந்தது.
பேச்சுகள் முடிந்து, வடையும் முடிந்து,
மண்டபம் கூட்ட வந்த மனிசி
ஒன்றைக் குனிந்து எடுத்தா,
வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தா.
"முப்பத்தெட்டோ?
எங்கட பக்கம் ஐம்பத்திரண்டு."

என்னிடம் பென்சில் இருக்கவில்லை.