எடை

கீழமாரட் வீதி, ராத்திரி இரண்டேகால்.
திண்டுக்கல் லாரி இன்னும் வரவில்லை.
வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து
மறுபடியும் மோதவிட்டோம் அவர்களை:
ஐம்பத்தெட்டின் மில் அணி சவரிமுத்து,
எண்பத்தேழின் செல்லூர் அஸ்கர்.

இடம்? வைகை மணல், ரெண்டு பாலத்துக்கும் நடுவே.
தண்ணி வந்துட்டா?
வராது என்றான் ஒச்சு.
அதில் மட்டும் யாருக்கும் தகராறு இல்லை.

அஸ்கரின் இடது கை
கேட்காமல் அடுப்படிவரை வந்துவிடும் சொந்தக்காரன்.
சவரிமுத்து அடிக்கவே மாட்டாராம்.
ஒதுங்குவார், ஒதுங்குவார்,
எதிராளி காற்றை அடித்து ஓய்ந்த பிறகு
ஒன்று.
இருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

"மொதல்ல எடை போடணும்ல" என்றேன்.
தராசு என் பொறுப்பு.
அஸ்கர் அறுபது.
சவரிமுத்து, மேஸ்திரி வீட்டு நோட்டீஸ்படி, ஐம்பத்து நாலரை.
ரேஷன் காலத்து எலும்பு.
மோதவிட்டால் பாவம் என்றார் மேஸ்திரி.

சரி, ரெண்டு மாசம் சிம்மக்கல் பரோட்டா,
சால்னா தாராளமாக.
தேறிவிடுவார்.
தேறின சவரிமுத்து
அப்படி ஒதுங்குவாரா?
அந்தக் காலுக்குப் பசிதானே வேகம் என்றேன்.
"பசிதான் வேகம்னா
இந்தத் தெருவுல எல்லாவனும் சாம்பியன்" என்றான் ஒச்சு.
அதற்குமேல் நான் பேசவில்லை.

லாரி பின்வாங்கி வந்து நின்றது.
பதினாறாவது மூட்டைக்கு அடியில் குனிந்தபடி கேட்டான்:
"அண்ணே, ஆரம்பிச்சுட்டாங்களா?"

இல்லப்பா.
அஸ்கர் மணல்ல நிக்கிறாரு, உறையை மாட்டிக்கிட்டு.
அவரு
இன்னும் சாப்பிடுறாரு.