மைலோ டின்

மல்லி விதையை உருட்டி இரண்டாய் உடைத்துப் போட்டேன்.
புக்கிட் பாத்தோக், பன்னிரண்டாம் மாடி,
தாழ்வாரத்தில் பழைய மைலோ டின்.

முளைத்தது.
ஐந்தாறு இலை விட்டதும்
என்ன அவசரமோ, பூத்துவிட்டது.
இந்த ஊர் வெக்கையில்
குழந்தையாய் இருக்க அதற்கு நேரமில்லை.

செவ்வாயன்று கொசுச் சோதனைக்கு வந்தவர்
டின்னடித் தட்டைச் சாய்த்து, டார்ச் அடித்து,
தண்ணீர் இல்லை, சரி என்றார்.
பெயரட்டையில் நூருல்.
ஓர் இலையைக் கிள்ளி முகமூடியை இறக்கி
"கெத்தும்பார்!" என்றார்.
நம் சொல்தான் போலிருக்கிறது,
கடல் தாண்டியதில் கொஞ்சம் இளைத்திருந்தது.

பூவெல்லாம் பச்சைக் காயானது.
பிடுங்கிப் போடு என்றாள் வேம்பரசி,
ஈரச்சந்தையில் கட்டு ஒரு வெள்ளி,
மீன் வாங்கினால் சும்மாவே கிடைக்கும்.

போடவில்லை.

இரவு வேலை முடிந்து வந்த விடியலில்
பத்துக் காய், நாலு மிளகு,
கல்லில் ஒரே தட்டு.
எலுமிச்சைத் தோலும் பச்சை இலையும்
சண்டை போடுவது போலொரு மணம்.
ரசம் நுரைகட்டும்போது தூவி மூடினேன்.

அறையிலிருந்து தூக்கக் குரல்:
"என்னது அது?"

மூடியைத் திறக்கவில்லை.
எழுந்து வரட்டும்.