ஒரு மூட்டைக் கடலைமா

கோடை விழா என்று பெனரில் எழுதியிருந்தது.
கொழும்பில் எது கோடை, எது கோடை இல்லாதது
என்று கேட்க எனக்குச் சம்பளமில்லை.
டோக்கன் விற்கத்தான் சம்பளம்:
பச்சை நூறு, வெள்ளை ஐந்நூறு, சிவப்பு ஆயிரம்.

கிரீன் பாத்தில்
வழமையாக ஓவியங்கள் சாய்ந்து நிற்கும் கம்பி வேலியில்
இன்று ஊர்ப் பெயர்கள் தொங்கின.
லிகூரியா, பூலியா, சிசிலி.
எமிலியாவின் மிச்சப் பாதியை ஒரு கிளை மறைத்தது.

"இத்தாலிச் சாப்பாடு எங்கே?" என்றவர்களுக்கு
எட்டுக் கூடாரத்தையும் காட்டினேன்.
"அப்படி ஒன்று இல்லை" என்றார் எத்தோரே,
லிகூரியாவின் அடுப்புக்குப் பின்னாலிருந்து.
"நான் ஜெனோவாக்காரன்.
பாஸ்போட்டில் மட்டும்தான் இத்தாலி."

எனக்கு அது புதினமில்லை.

பதினொரு மணிக்குச் சண்டை.
பழைய சோனகத் தெருவிலிருந்து
இரண்டு மூட்டைக் கடலைமா வரவேண்டும்,
வந்தது ஒன்று.
லிகூரியாவுக்கும் அதுதான் வேண்டும், சிசிலிக்கும் அதுதான்.
இவர் கரைத்துத் தட்டில் ஊற்றி நெருப்புக்குள் தள்ளுவார்.
அவர் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டு எண்ணெயில் விடுவார்.

அவர் என்றால் இராயப்பு.
பிறந்தது கொட்டாஞ்சேனை.
பலெர்மோவில் பத்தொன்பது வருஷம்
ஆர் ஆருடையவோ படிக்கட்டுத் துடைத்தவர்.
பனெல்லே சுடுவதை
சந்தையில், சம்பளத்துக்கு முந்தின நாள்களில்,
கண்ணால் மட்டும் தின்று பழகியவர்.

"வடக்கான் புத்தி!" என்று கத்தினார் தமிழில்.
நான் நிமிர்ந்தேன்.
"உன்னையில்லைப் பிள்ளை, இவனை."
நான் வடக்கில்லை, அப்புத்தளை
என்று நானும் சொல்லவில்லை.

மூட்டையை என் மேசையில் வைத்தார்கள்.
ஒருவரையொருவர் நம்பாதவர்கள்
டோக்கன்காரியை நம்பினார்கள்.
ஒரு சுண்டு லிகூரியா, ஒரு சுண்டு சிசிலி.
கைவிரல், இமை, கணக்குப் புத்தகம்
எல்லாம் மஞ்சள்.
கடைசியில் அரைச்சுண்டு மிஞ்சியது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.
நான் மூடி போட்டு என் கதிரைக்குக் கீழே வைத்தேன்.

நாலு மணிக்கு மழை.
கொழும்பு மழை, முன்னறிவித்தல் இல்லாமல்
ஆளை நடு றோட்டில் பிடிக்கிற மழை.
மொட்டை மாடி மாதிரி இருந்த பூலியா சரிந்தது.
எத்தோரேயின் அடுப்பு ஒருமுறை இருமி அணைந்தது.
அவர் கையில் ஒரு வாளி மாக்கரைசல்,
தொலைந்த பிள்ளையோடு பொலிசுக்கு வந்த ஆளைப்போல.

வாசலுக்கு வெளியே பஸ்மிலின் கொத்துவண்டி.
உள்ளே விடவில்லை அதை,
'பாரம்பரியம் இல்லை' என்று.
தகரக் கூரை, காஸ், அகலமான இரும்புக்கல்.
"ஊத்துங்க" என்றான் பஸ்மில்.
எத்தோரேக்கு விளங்கவில்லை.
இராயப்பு இத்தாலியனில் ஒரு வசனம் சொன்னார்,
அதில் வசவு பாதி இருக்கவேணும்.
வாளி சரிந்தது.

கரை சுருண்டு, நடுவில் பொட்டுப்பொட்டாய்க் கண் திறந்து,
மத்தியான முட்டையும் லீக்ஸும் இன்னும் மணக்கிற கல்லில்
பிடித்துக்கொண்டது மா.
தட்டகப்பையால் கிளப்பிப் பிய்த்து
முதல் துண்டை எத்தோரே வாயில் போட்டார்.
குடைக்குக் கீழே ஐம்பது பேர் அவரைப் பார்த்தோம்.

"இது ஜெனோவா இல்லை."

"ஓம்" என்றான் பஸ்மில், "இது என்ர கல்லு."

அவர் இரண்டாவதை எடுத்தார்.
இராயப்பு தேசிக்காய் பிழிந்துவிட்டார், கேளாமலே.

டோக்கன் பெட்டிக்குள் தண்ணீர்.
சிவப்பு வெள்ளையில் இறங்கி, பச்சை எதிலோ கலந்து
ஆயிரமும் நூறும் ஒரே கூழ்.
மனேஜர் கணக்குக் கேட்டபோது
ஈரக் கட்டியை அப்படியே கொடுத்தேன்.
நாளைக்குக் காயவைத்து எண்ணுவாராம்.

மட்டக்குளி பஸ்ஸில் பக்கத்து அக்கா மூக்கைச் சுளித்தா.
"பஜ்ஜி போடுற இடத்திலயா வேலை?"
"ஓம்" என்றேன்.
"எந்த ஊர் நீங்க?"
மடியில் அரைச்சுண்டு கடலைமா,
மூடி ஒழுங்காகப் பூட்டவில்லை,
ஒவ்வொரு பிறேக்குக்கும் கொஞ்சம் கொட்டியது.