கேள்விக்குறியில் முடிக்கவும்

டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
பலகையில் 'வாடிக்கையாளர் நலச் சேவை.'
எட்டுப் பேர் நாங்கள்.
எட்டுப் பேரும் சேர்ந்தால்
நாலாயிரத்து இருநூறு பெண்கள்.
எங்களில் மூவர் ஆண்கள்.
மெலிசாவைக் குணாளன்போல் எழுத
கோலக்கெட்டிலில் வேறு ஆளில்லை;
மீசையைத் தடவிக்கொண்டே வெட்கப்படுவான்.

நான் நடாஷா. இருபத்தேழு. பினாங்கில் தனி வீடு.
படத்திலிருப்பவள் எந்த ஊர்க்காரியோ,
அவள் தோளை இங்கே
சில்லறையாய் விற்பது அவளுக்குத் தெரியாது.

எழுதுகிறவருக்கு ஒரு வரி நாலு வெள்ளி.
பதில் போடும் எனக்கு முப்பது சென்.
மிச்சம் எந்தத் தீவில் கரையேறுகிறதென்று
மேற்பார்வை புஷ்பலீலா அக்காவுக்கும் தெரியாது.
அவருக்குத் தெரிந்தது ஒரே விதி:
கேள்விக்குறியில் முடியாத பதிலுக்குக் காசில்லை.
தூங்கலையா? என்னை நெனச்சியா? அப்புறம்?
'அப்புறம்' நல்ல சொல்.
ஒரே ராத்திரியில் பன்னிரண்டு வெள்ளி தந்திருக்கிறது.

இது ஏமாற்றில்லையா என்றேன் முதல் வாரம்.
விதிமுறையின் பத்தொன்பதாம் பக்கத்தைக் காட்டினார்.
'சில முகங்கள் பொழுதுபோக்குக்காக.'
எறும்பு நடந்ததுபோல் எழுத்து.
கீழே 'படித்தேன்' என்று
ஒருவர் விடாமல் டிக் போட்டிருந்தார்கள்.

வந்தவர்கள் பெரும்பாலும் பெர்த், அடிலெய்ட்.
'தனிஆள்58' மட்டும்
இங்க மழை என்றார், என் ஜன்னலில் மழை.
ஆலை நாத்தம் தாங்கல என்றார்,
நான் மூக்கைப் பொத்தியிருந்தேன்.
ஒன்பது நாற்பதுக்குக் கரண்டு போய்
பத்தேகாலுக்குத் திரை வந்ததும்
மன்னிச்சிடு, எங்க ஊர்ல கரண்டு இல்ல.
அப்படியா, பயந்துட்டியா? என்றாள் நடாஷா
பினாங்கின் வெளிச்சத்திலிருந்து.

உடம்பைப் பற்றி அவர் கேட்டதைவிட
தன் உடம்பைப் பற்றிச் சொன்னதே அதிகம்.
இடது முட்டி. காஸ் போத்தல் தூக்கும் வேலை.
மூணாம் மாடின்னா உயிர் போவுது.
மாடிக்கு ஏற்றினால் போத்தலுக்கு மூன்று வெள்ளி கூலி.
மார்ச்சில் அவரால் எனக்கு எண்பத்தாறு நாற்பது.
அப்படியென்றால் அவருக்கு எவ்வளவு,
அதற்கு எத்தனை போத்தல் என்று
கணக்குப் போட்டுப் பாதியில் விட்டேன்.

ஏப்ரலில் எவனோ பூட்டை உடைத்து
பெயர்களை அள்ளி நடுரோட்டில் கொட்டினான்.
மாமாக் கடையில் ரொட்டி ஆறிப்போக
விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்கள்.
கோயில் கமிட்டிப் பொருளாளர் இருந்தார்.
அவர் கணக்கு கேட்டுச் சண்டை போட்டவரும் இருந்தார்.
மனைவிகள் கணவனைத் தேடினார்கள்.
நாலாயிரத்து இருநூறு பெண்களைக் காணோமென்று
ஒருவரும் போலீசுக்குப் போகவில்லை.

பலகை மாறியது. நாற்காலி அதேதான்.

போன சனிக்கிழமை சமைக்கும்போது காஸ் தீர்ந்தது.
எங்கள் பிளாட்டில் லிப்ட் கிடையாது. நான் நாலாம் மாடி.
லோரிச் சத்தம் கேட்டதும் கீழே ஓடினேன்.
"இங்கேயே வச்சிடுங்கண்ணே."
"மேல ஏத்தித் தர்றதுதான் கூலி, தங்கச்சி."
"பரவால்ல, உங்க முட்டி..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் என்னைப் பார்த்தார்.
படியைப் பார்த்தார். கால்சட்டைக்குள்ளிருந்த
தன் முட்டியைப் பார்த்தார்.
மூன்று வெள்ளியை அவர் கையில் திணித்துவிட்டு
தூக்கினேன். பதினாலு கிலோ காஸ், இரும்பு தனி.
ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினேன்.
லோரி கிளம்பும் சத்தம்
வெகுநேரம் கேட்கவில்லை.

இப்போது நான் டயானா.
ராத்திரி பதினொன்றுக்கு 'தனிஆள்59.'
நடுவில் ஒரு பிறந்த நாள் போயிருக்கிறது.
முதல் வரியே,
நீ நிஜமா?

திரை மூன்று பதில்களை நீட்டுகிறது,
மூன்றுக்கும் வால் வளைந்திருக்கிறது.
தோள் இன்னும் வலிக்கிறது.
முட்டிக்கு எண்ணெய் தேச்சிட்டுப் படுங்க
என்று அடித்து, புள்ளி வைத்து, அனுப்பினேன்.
அக்காவின் பக்கம் சிவப்பு விளக்கு.
அந்தப் பக்கம்
எழுதுகிறார் என்று காட்டுகிறது,
நிற்கிறது,
மறுபடி எழுதுகிறார்.

அனுப்பாதீங்கண்ணே.
நாலு வெள்ளி.