அறுபது மில்லிமீட்டர்

பிப்ரவரி. நெடுஞ்சாலை முப்பதில்
உப்புத் தூவியிருந்தார்கள்.
கதவு மணி குலுங்க உள்ளே வந்தவரின் பூட்ஸ்
வெட்டுமேசை வரை வெள்ளைத் தடம் போட்டது.
வழி தப்பியவர் என்றே நினைத்தேன்.
டிராக்டர் உதிரிபாகக் கடை
இரண்டு கதவு தள்ளி.

ஒட்டுப்போர்வைக்குத் துணி வெட்ட வேண்டுமாம்.
வருகிறவர்கள் எல்லாரும் எது நல்லது என்பார்கள்.
இவர், எது சீக்கிரம் மழுங்கும் என்று கேட்டார்.

லுமிர் ஹ்ருஷ்கா.
இருபத்தாறு வருடம் மாட்டிறைச்சி ஆலையில்,
வெட்டும் வரிசையில்.
ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை என்று ஓர் எண் சொன்னார்,
மறந்துவிட்டேன், வேண்டுமென்றேதான்.
கட்டைவிரல் இப்போது கத்தரிக்கோலுக்குள் நுழைவதில்லை,
நுழைந்தால் வெளியே வருவதில்லை.

மேசையில் பரப்பினேன்.
இருபத்தெட்டு: வளைவுகளுக்கு, பூவிதழ்களுக்கு.
"சட்டைப் பொத்தான்" என்று ஓரமாய்த் தள்ளினார்.
நாற்பத்தைந்து: ஊரே வாங்குவது,
நானும் வைத்திருப்பது.
பிடியை அழுத்தினால் மட்டும் பிளேடு தலைகாட்டும் இன்னொன்று,
பாதுகாப்பு என்று அட்டையில் போட்டிருக்கும்.
"அழுத்திப் பிடிக்கிற வேலைக்கெல்லாம்
கணக்கு முடித்துவிட்டேன்."

அறுபதை எடுத்தார்.
எட்டு மடிப்பு மிச்சத்துணியில்
கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார்.
வெட்டு ஒன்று, துண்டு பதினாறு.
சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது
எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ரூலர் இருக்கிறதே, அதுதான் வம்பு.
சாண் வெட்டுவதற்குள் முழம் சறுக்கும்.
அடியில் ஒட்ட மணல்தாள் பொட்டுகள் கொடுத்தேன்.
என்ன துணி என்றேன்.
கறுப்புக் கட்டம் போட்ட ஃபிளானல்.
அப்படியானால் மஞ்சள் கோட்டு ரூலர்,
கறுப்புக் கோடு கறுப்பில் காணாமல் போகும்.
இதை மட்டும் அவருக்குத் தெரியாத விஷயமாய்ச் சொன்னேன்,
கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கையுறை, பதினான்கு டாலர், என்று ஆரம்பித்தேன்.
கோட்டுப் பையிலிருந்து அவருடையதை எடுத்து வைத்தார்,
எஃகு வளையங்களால் பின்னியது.
மேசைமேல் அது தண்ணீர் மாதிரிச் சரிந்து
ஒரு கையின் வடிவத்தில் கிடந்தது.
புதன்கிழமைக் கூட்டத்தில் மார்ஜீன் சிரித்துவிட்டாள்.
இதே மேசையில் சுண்டுவிரல் நுனியை
ஒருமுறை விட்டுவிட்டுப் போன லவோன் சிரிக்கவில்லை.
"என் அளவில் கிடைக்குமா?" என்றாள்.

அந்த மாதம் வாடகை பாக்கி. ஆகவே
கைப்பிடி சுற்றும் அச்சு இயந்திரத்தையும் காட்டினேன்.
ஒரு சுற்றுக்கு ஆறு சதுரம், தானாக வந்து விழும்.
முந்நூற்றைம்பது டாலர்.
சதுரங்கள் வரிசையாய் நகர்ந்து வருவதைப்
பார்த்துக்கொண்டே இருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இயந்திரத்தை நானே உறைபோட்டு மூடினேன்.

ஏப்ரலில் திரும்பி வந்தார்.
தொண்ணூற்றாறு சதுரம் ஆகிவிட்டதாம்.
யாருக்குப் போர்வை என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
"துணி கைக்குக் குளிராது,
அது பழகவே இரண்டு நாளாயிற்று" என்றார்.
மணிக்கட்டு? "கெட்டுப் போகவில்லை."
நல்லாகிவிட்டது என்று சொல்வது
எங்கள் பக்கத்து வழக்கமில்லை.

ஐந்து பிளேடு கொண்ட பெட்டி ஒன்று வாங்கினார்.
தேய்ந்த பிளேடுகளைக் காபி டின்னில் போட்டு,
மூடியைச் சுற்றி டேப் ஒட்டி,
'கூர்' என்று பெரிய எழுத்தில் எழுதி
எடுத்து வந்திருந்தார்.
பின்பக்கக் குப்பைத் தொட்டியைக் காட்டினேன்.
அவர் நகரவில்லை.

மழுங்கியதுதான் ஆளை வெட்டும் என்றார்.
குப்பை எடுக்க வருகிறவரின் பெயர் என்ன,
சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார்.

பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன்.
பில் புத்தகத்தைத் திருப்புவது போல
சற்று நேரம் நடித்தேன்.