மஞ்சள் தட்டு

ஆறாவது நாளாக
மதிப்பாய்வில் உள்ளது.
கிரீன் லேன் நெரிசலில் தொழிற்சாலைப் பேருந்து
நின்று நின்று நகர்கிறது.
நானும் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் ஒரு தடவை
திறந்து மூடுகிறேன்.

விண்ணப்பம் பெரிதில்லை, பதினோரு கேள்வி.
மாதம் எத்தனை பேர் உங்களைப் பார்க்கிறார்கள்?
இருநூற்றுப் பன்னிரண்டு.
அதில் அறுபது நானே,
வீடியோ சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தது.
ஒருவர் ஈப்போவில் இருக்கும் என் முன்னாள் கணவர்.
நான் திட்டுகிற ரைஸ் குக்கர்
அவர் வாங்கித் தந்தது.

எந்த மொழியில் பேசுகிறீர்கள்?
பட்டியலை விரலால் இழுத்துக்கொண்டே போனேன்.
ஐஸ்லாந்துக்காரர் மொழி இருந்தது, எஸ்தோனியம் இருந்தது.
சுவீடிஷ் முடிந்ததும் நேராகத் தாய்.
தாய் மொழி இருக்கத்தான் செய்கிறது,
தாய்லாந்துக்காரருடையது.
கடைசியில் மற்றவை என்று ஒரு கட்டம்.
அதற்குள் என்னையும் என் உளுந்தையும்
ஒடுக்கிக்கொண்டேன்.

எப்படி விற்றுத் தருவீர்கள்?
இதற்குத்தான் ஒரு மணி நேரம் யோசித்தேன்.
பதினோராவது மாடி, காலை ஒன்பதரை,
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின்
ஊறவைத்த உளுந்தைப் போட்டு ஓட்டுவேன்.
மோட்டார் வாடை அடித்தால்
வாடை அடிக்கிறது என்பேன்.
கடைசி வரியை அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
அனுப்பியும்விட்டேன்.

நூற்று எண்பத்தொன்பது வெள்ளி மிக்ஸி ஒன்று
என் பேச்சைக் கேட்டு விலைபோனால்
நூற்றுக்கு நான்கு.
ஏழு வெள்ளி ஐம்பத்தாறு காசு.
ரைபிள் ரேஞ்ச் வீட்டு வாடகைக்கு
மாதம் எத்தனை மிக்ஸி என்று
காமினி கைப்பேசியில் தட்டிச் சொன்னாள்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏழரைக்கு அங்கி, தொப்பி, நுண்ணோக்கி.
என் வேலை இதுதான்:
பலகைகள் வரும், ஈயப் பொட்டுகளைப் பார்க்க வேண்டும்.
நல்லது பச்சைத் தட்டுக்கு.
கெட்டது சிவப்புக்கு.
எனக்கே சந்தேகம் என்றால் மஞ்சள்.
பதினான்கு வருடம்.
ஒன்றுக்காவது நான் காரணம் எழுதியதில்லை.
மஞ்சள் நிரம்பி வழிய, அப்படியே விட்டுவிட்டுப்
பேருந்துக்கு ஓடிய விடியல்களும் உண்டு.

மூன்று மணிக்குக் கேன்டீனில்
மீகூன் தட்டைத் தள்ளிவைத்துத் திறந்தேன்.
வந்திருந்தது.
தற்சமயம் தங்களை ஏற்க இயலவில்லை.
காரணங்களை நாங்கள் வெளியிடுவதில்லை.
மேன்மேலும் சிறக்க வாழ்த்துகள்.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
ஏதோ ஒரு குழுவின் பெயர்.
திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

அதற்குக் கீழேயே, கூலிமிலிருந்து
துர்காஷினி என்றொரு பெண்:
அக்கா, நீங்க சொன்னதால
அந்த மிக்ஸிய நான் வாங்கல.
ரொம்ப தேங்க்ஸ்.

வாங்காததற்கு நூற்றுக்கு எத்தனை என்று
காமினியைக் கேட்டேன்.
வாய் நிறைய மீகூனோடு சிரித்துத் தொலைத்தாள்.
புரையேறி, கண்ணில் நீர் வந்து,
அவள் முதுகைத் தட்டுவதிலேயே
ஓய்வு நேரம் தீர்ந்தது.

மறுபடி அங்கி, தொப்பி.
புதுப் பலகைகள் வந்து வரிசையில் நிற்கட்டும்.
முந்தைய ஷிப்ட் விட்டுப்போன மஞ்சள் தட்டை
இழுத்து முன்னால் வைத்தேன்.
ரோஸ்லான் கண்ணாடிக்கு அப்பாலிருந்து
கடிகாரத்தைக் காட்டுகிறார்.
முதல் பலகை, மூன்றாவது வரிசை, ஓரத்துப் பொட்டு
லேசாகச் சாய்ந்திருக்கிறது.
அவ்வளவுதான்.
மின்சாரம் போகும்.

லாக்கரில் கைப்பேசி.
அதற்குள் வேறொரு நிறுவனத்தின் விண்ணப்பம்
பாதி நிரம்பி,
மொழி என்ற இடத்தில் நிற்கிறது.